ஊர் வரலாறு சேகரிப்பதும் எழுத்தாளர் சந்திப்பு நடத்துவதும்: வன்னிப் பொது நூலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரதேச சபை நூலகங்களில் வேலை செய்பவர்களுக்கும், வாசகர் வட்டத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு ஓடித்திரிகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஊர் வரலாற்றைச் சேகரிப்பதையும் எழுத்தாளரை அழைத்துக் கூட்டம் வைப்பதையும் பெரும்பாலான நூலகங்கள் வேறு வேறு வேலையாகத்தான் பார்க்கின்றன. வரலாறு என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் தலையில் கட்டிவிடுவது, கூட்டம் என்றால் ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குக் கணக்குக் காட்டுவது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் வேலை குறையும். சேகரித்ததைச் சனத்தின் முன் வைக்கக் கூட்டம் உதவும், வந்த சனம் சேகரிப்பில் உள்ள பிழைகளைத் திருத்திவிட்டுப் போகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பனரும் பிரதம விருந்தினரும் முதலில், பதிவேடு கடைசியில். கூட்டத்துக்கு ஒரு ஆச்சி பழைய போட்டோ ஒன்றைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவருவார். அதை வைக்க உறை இருக்காது, எழுதிக்கொடுக்கப் பற்றுச்சீட்டு இருக்காது, யாரோ ஒரு பொடியன் போனில் படமெடுப்பான், பிறகு போன் மாறும், படமும் போய்விடும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். எழுத்தாளர் எட்டாவது படியில்தான் வருகிறார்.

1. தொடங்கமுன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் கடிதம். உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்புக்கு நூலகத்தில் ஒரு பகுதி தொடங்குகிறோம் என்று பிரதேச சபைச் செயலாளருக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுமதி கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக் கோவையில் போடுங்கள். நூலகர் இடமாற்றம் பெற்றுப் போவார், வாசகர் வட்டம் கலையும், கோவையில் இருக்கும் கடிதம் நிற்கும். அது இல்லாவிட்டால் அடுத்த பொருட் கணக்கெடுப்பில் பதிவில்லாத கடதாசிக் கட்டு என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள்.

அடுத்தது பூட்டுள்ள இரும்பு அலுமாரி. சுவரோடு ஒட்டி வைக்கவேண்டாம், மாரியில் சுவர் ஈரம் குடிக்கும், கறையானும் சுவர் வழியாகத்தான் ஏறும். கால்களுக்குக் கீழே கல் வைத்து நிலத்திலிருந்து உயர்த்திவிடுங்கள்.

பிறகு இரண்டு புத்தகங்கள். வருவதையெல்லாம் எழுதும் சேர்வுப் பதிவேடு ஒன்று, பொருளைத் தந்தவருக்கு எழுதிக்கொடுக்கும் காபன் பிரதியுள்ள பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று. கணினியில் பதியலாமே என்பார்கள். பதியுங்கள், ஆனால் மின்சாரம் இல்லாத நேரத்திலும் பதிவேடு திறக்கும்.

கடைசியாகச் சம்மதப் படிவம். ஒரே பக்கம், பெரிய எழுத்து, நல்ல தமிழ். நூலகத்துக்குள் மட்டும் பார்க்கலாம், கண்காட்சியில் வைக்கலாம், இணையத்தில் போடலாம் என்று மூன்று தனித்தனிப் பெட்டிகள், அவற்றுக்குக் கீழே பெயரை மறைக்கவேண்டுமா என்ற ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்குவது வேண்டாம். நூலகத்துக்குச் சந்தோசமாகப் படம் தருகிறவர், அதே படம் முகநூலில் சுற்றுவதை விரும்பமாட்டார்.

2. எல்லையைச் சுருக்குங்கள்

"முல்லைத்தீவின் வரலாறு" என்று தொடங்கியவர்கள் முடித்ததை நான் காணவில்லை. ஒரு குளம், ஒரு பாடசாலை, ஒரு சந்தை, ஒரு குடியேற்றத் திட்டம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

என்னைக் கேட்டால் குளம்தான் நல்லது. வன்னியில் பாதி ஊர்களுக்குப் பெயரே குளத்தால் வந்தது. குளத்தைப் பிடித்தால் வயல், வாய்க்கால், கோயில், பாதை, யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்பதெல்லாம் பின்னாலேயே வரும். இரணைமடுவுக்குக் கீழே 1930களில் வந்தவர்களின் கதை வேறு, 1950களில் வவுனிக்குளத்தைத் திருத்தியபோது வந்தவர்களின் கதை வேறு. இரண்டையும் ஒரு கோவைக்குள் அடைத்தால் இரண்டும் குழம்பும்.

எல்லையை எழுதும்போது காலத்தையும் எழுதுங்கள். "எங்கள் குளமும் அதன் கீழ் வந்த முதல் குடும்பங்களும், 1980 வரை" என்று எழுதிவிட்டால், கேட்கவேண்டிய கேள்வியும் தெளிவு, பார்க்கவேண்டிய ஆளும் தெளிவு. 1980க்குப் பிந்தியது தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை, அது அடுத்த சுற்றுக்கு. போர்க்காலத்தை முதல் சுற்றிலேயே தொடாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

3. அச்சில் இருப்பதை முதலில் பாருங்கள்

நேரே ஆட்களிடம் போகவேண்டாம். அச்சில் வந்ததைப் பார்க்காமல் போனால் எல்லோரும் சொல்லும் பொதுக்கதையைத்தான் நீங்களும் பதிவுசெய்துகொண்டு வருவீர்கள், எங்கே குறுக்குக் கேள்வி போடுவது என்றும் தெரியாது.

ஆங்கிலேய அதிகாரியான ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி வெளியிட்ட கைநூல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இருக்கிறது, அதிகாரியின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டது, ஆனாலும் பற்றுகள் என்ற பழைய நிர்வாகப் பிரிவுகள், குளங்கள், ஊர்ப் பெயர்கள் பற்றிய விவரம் அதில் ஏராளம். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊரின் பெயரை எழுத்து மாற்றி மாற்றித் தேடுங்கள். ஒட்டுசுட்டான் என்றும் ஒட்டிசுட்டான் என்றும் எழுதியிருப்பார்கள்.

இவற்றைவிடப் பெறுமதியானவை வீட்டு மலர்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலைப் பவளவிழா மலர், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம். கல்வெட்டில் வம்சாவளி இருக்கும், பிறந்த ஊர், பெண் எடுத்த ஊர், எந்த ஆண்டில் எந்தக் காணிக்கு வந்தார் என்பதும் இருக்கும். சாவீட்டுப் புத்தகத்தை நூலகத்தில் ஏன் வைப்பது என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வரலாறு எழுதுகிறவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

பழைய பதிவுகளைத் தேடும்போது மாவட்ட எல்லைகள் மாறியதை மறக்கவேண்டாம். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல், அதற்கு முந்திய கணக்குகள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருக்கும். முல்லைத்தீவு 1978இல் தனியானது, அதற்கு முந்தியதைப் பெரும்பாலும் வவுனியாவின் கீழ் தேடவேண்டும். இது தெரியாமல் "எங்கள் ஊருக்குப் பதிவே இல்லை" என்று கைவிட்டவர்கள் பலர். அதைவிடப் பழைய கடதாசிகளில் பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று, முள்ளியவளை என்று பற்றுப் பெயர்கள்தான் வரும். பதிவேட்டில் பழைய பெயருக்கும் இன்றைய கிராம அலுவலர் பிரிவுக்கும் தனித்தனி நிரல் போடுங்கள்.

ஒன்றுக்கொன்று முரணான தகவல் வந்தால் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றதை எறியவேண்டாம். கற்சிலைமடுவில் உள்ள நினைவுக்கல், பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் தோற்கடிக்கப்பட்டதாகத்தான் சொல்கிறது. அதையே அவர் இறந்த நாளாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கல் என்ன சொல்கிறது, ஊர் என்ன சொல்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள், யார் சொன்னது என்பதையும் எழுதுங்கள். நூலகத்தின் வேலை அதோடு முடிகிறது, தீர்ப்பு ஆய்வாளருடையது.

4. நாள் பார்ப்பது

சோதிடரிடம் அல்ல, வயலிடம். தேசிய வாசிப்பு மாதம் ஒக்டோபர் என்பதால் எல்லா நூலகங்களும் அப்போதுதான் கூட்டம் வைக்கின்றன. வன்னியில் ஒக்டோபர் என்றால் காலபோக விதைப்பு, மழையும் பிடிக்கத் தொடங்கிவிடும். குளத்தைப் பற்றிச் சொல்லவேண்டிய ஐயா உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நிற்பார், மண்டபத்தில் பாடசாலைப் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள்.

ஒக்டோபரைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். முதியவர்களைச் சந்திப்பதற்கும் பெரிய கூட்டத்துக்கும் அறுவடை முடிந்த காலம் வேண்டும். சிறுபோகம் செய்யாத ஊர்களில் ஆனி முதல் ஆவணி வரை ஆட்கள் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள், ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் எழுத்தாளர்கள் விடுமுறைக்கு ஊர் வருவதும் அந்த மாதங்களில்தான். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நடக்கும் கிழமையை விலக்குங்கள், அன்று நீங்களே நூலகத்தில் இருக்கமாட்டீர்கள். சாதாரண தரம், உயர்தரப் பரீட்சை நாட்களையும் பாருங்கள், பரீட்சைக்கு மண்டபமும் போகும் ஆசிரியர்களும் போவார்கள்.

5. ஆட்களிடம் போய்க் கேட்பது

அதிக நேரம் கொடுக்கவேண்டிய படி இது.

முதியவர்களை நூலகத்துக்கு அழைக்காமல் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். வீட்டில் என்றால் சுவரில் உள்ள படத்தைக் காட்டிக் கதை சொல்வார்கள், பெட்டியைத் திறப்பார்கள். முதல் நாள் ஒலிப்பதிவு செய்யவேண்டாம். கமக்கார அமைப்பிலோ மாதர் சங்கத்திலோ அவருக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், வந்த காரியத்தைச் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். வன்னியில் வீட்டுக்கு வந்து விவரம் கேட்டு எழுதியவர்கள் பலவகை. எந்த அலுவலகம், எதற்குக் கேட்கிறாய், நிவாரணமா, காணிப் பிரச்சினையா என்ற சந்தேகம் வருவது நியாயம். அது தீராமல் றெக்கோடரைப் போட்டால் "எல்லாம் நல்லம் தம்பி" என்பதற்குமேல் ஒன்றும் வராது.

இரண்டாம் முறை போகும்போது இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கதைக்க, மற்றவர் போனையும் குறிப்பையும் பார்ப்பார். போனை விமானப் பயன்முறையில் போட்டு, துணி ஒன்றின் மேல் வைத்து, மின்விசிறியை நிறுத்தக் கேளுங்கள். பதிவின் தொடக்கத்தில் திகதி, ஊர், கதைப்பவர் பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லுங்கள், கோப்பின் பெயர் எப்போதாவது தவறிப்போனாலும் குரலே அடையாளம் சொல்லும்.

"உங்கள் ஊரின் வரலாற்றைச் சொல்லுங்கோ ஐயா" என்று கேட்கவேண்டாம். கோயில் மலரில் வந்ததையே திருப்பிச் சொல்வார். "நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பாதையால் போனீங்கள்?" "மழைக்கு வாய்க்கால் பெருக்கெடுத்தால் எங்கே தங்குவீங்கள்?" "நெல்லை எந்தச் சந்தைக்கு, எதில் ஏற்றினீங்கள்?" இப்படிக் கேளுங்கள். காட்டுப்பாதை, வண்டில் தடம், யானை நின்ற இடம், கடைக்காரரின் பெயர் என்று தானாக அவிழும்.

ஆண்டைக் கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது, ஆகவே எல்லோருக்கும் தெரிந்த நிகழ்வோடு கட்டிக் கேளுங்கள். சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறிய காலத்துக்கு முந்தியா பிந்தியா? 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்துக் குடும்பங்கள் வந்தபோது இந்தக் கிணறு இருந்ததா? 1995இல் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது இந்தப் பாடசாலைக்கு ஓட்டுக்கூரையா கிடுகா? 2002இல் ஏ9 பாதை திறந்தபோது கடை இருந்ததா? 2004 சுனாமிக்கு முந்திக் கரையோரப் பாதை எங்கால் போனது? இந்த நிகழ்வுகளை ஆண்டோடு ஒரு தாளில் எழுதி மடியில் வைத்திருங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு வழக்கமான பிழை உண்டு. அதிபர், குருக்கள், முன்னாள் தவிசாளர் என்று மேசைக்காரரிடம் மட்டும் போவது. குளக்கட்டு வேலைக்கு மண் சுமந்தவர், கரைவலை இழுத்தவர், மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டியவர், 1990இல் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பிய முஸ்லிம் குடும்பம் என்று இவர்களிடம் போகாவிட்டால் உங்களிடம் இருப்பது ஊர் வரலாறு அல்ல, ஊர்ப் பெரியவர்களின் வரலாறு. வீட்டில் ஐயா கதைக்கும்போது அம்மா குசினி வாசலில் நின்று "அது அந்த வருசம் இல்லை" என்று திருத்துவார். அந்த அம்மாவிடம் தனியாக இன்னொரு நாள் போங்கள், பெண்பிள்ளை ஒருவர் போனால் இன்னும் நல்லது.

அப்புறம், போர்க்காலம். 1980 வரை என்று எல்லை போட்டிருந்தாலும் கதை அங்கே போகும், போகாமல் இருக்காது. அவர்களாகப் போனால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டவேண்டாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றித் தாய் கதைக்கத் தொடங்கினால் பதிவை நிறுத்தட்டுமா என்று கேட்டு, சொன்னால் நிறுத்துங்கள். இன்னொருவரின் பெயர், இடம், தொடர்பு வரும் பகுதிகள் சொன்னவருக்கோ மூன்றாம் ஆளுக்கோ கரைச்சல் கொடுக்கக்கூடும். அப்படியான பதிவுகளை மூடிய கோப்பாகப் பதிந்து, யார் கேட்டாலும் சொன்னவரின் சம்மதம் இல்லாமல் கொடுப்பதில்லை என்று படிவத்திலேயே எழுதுங்கள். புதிய ஆட்கள் இந்த வகை நேர்காணலுக்குத் தயாராக இல்லை என்பதுதான் முதல் சுற்றில் அதை விடச் சொன்னதற்குக் காரணம்.

6. படங்களும் கடதாசிகளும்

அசலை வாங்கி வைக்காதீர்கள். பல இடப்பெயர்வுகளில் பையில் கட்டிக்கொண்டு திரிந்து மிஞ்சிய ஒரே கலியாணப் படத்தை நூலகம் வைத்திருக்கவேண்டிய தேவை இல்லை. அந்த இடத்திலேயே ஸ்கான் செய்து கையில் திருப்பிக் கொடுங்கள். எடுத்துப்போயே ஆகவேண்டும் என்றால் பற்றுச்சீட்டில் "கலியாணப் படம், கறுப்பு வெள்ளை, வலது மூலை கிழிந்தது" என்று நிலைமையோடு எழுதி, திருப்பித்தரும் நாளையும் எழுதுங்கள்.

ஸ்கான் செய்யும்போது போட்டோவுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), எழுத்துக் கடதாசிக்கு 300 டிபிஐ. மூலக்கோப்பை டிஃப் வடிவத்தில் வைத்து, பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் ஜேபெக் பிரதி எடுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் கெடும், அதனால் மூலத்தில் கைவைக்கவே கூடாது. படத்தின் பின்புறத்தையும் ஸ்கான் செய்யுங்கள், ஸ்ரூடியோ முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும்.

ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கப் பார்க்கவேண்டாம், முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யலாம், தெறிப்பு வந்தால் நிழலில் சரித்து வைத்துப் படமெடுக்கலாம். செலோரேப் ஒட்டுவது, லமினேற் செய்வது, படத்தின் முகத்தில் நூலக முத்திரை குத்துவது, மூன்றும் வேண்டாம். லமினேற் செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது. அடையாளம் எழுதவேண்டுமானால் உறையில், பென்சிலால்.

காணி அனுமதிப்பத்திரம், உறுதி, குடும்ப அட்டை போன்றவற்றில் வரலாறு நிறைய உண்டு, ஆனால் அடையாள அட்டை இலக்கமும் காணி இலக்கமும் இருக்கும். பொதுப் பார்வைக்கான பிரதியில் இலக்கங்களை மறையுங்கள். காணிப் பிணக்கு நடக்கும் குடும்பத்தின் பத்திரத்தை இப்போதைக்குத் தொடாமல் விடுவதுதான் புத்தி.

7. பெயர், இலக்கம், பிரதி

வந்த அன்றே பதியுங்கள். நாளைக்கு என்று வைத்தால் மூன்று வீட்டுப் படங்கள் ஒரே பென்டிரைவில் கலந்துவிடும், பிறகு யாருடைய தாத்தா என்று தெரியாது.

கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர்ச் சுருக்கம், தொடர் இலக்கம் இருந்தால் போதும். அந்த இலக்கம்தான் பதிவேட்டிலும், உறையிலும், சம்மதப் படிவத்திலும். பதிவேட்டில் தந்தவர், எடுத்த காலம், எடுத்த இடம், படத்தில் உள்ளவர்கள் இடமிருந்து வலமாக, சம்மதத்தின் அளவு. தெரியாததை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்பவேண்டாம். ஊகம் பதிவேட்டுக்குள் போய்விட்டால் ஐந்து வருடத்தில் அது உண்மையாகிவிடும்.

பிரதி மூன்று. நூலகக் கணினியில் ஒன்று, வெளி வன்வட்டில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று. மூன்றாவதைச் சபைத் தலைமை அலுவலகத்திலோ பக்கத்துப் பாடசாலையிலோ வைக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அதோடு போயின. ஒரே கட்டடத்தில் மூன்று பிரதி வைத்தால் அது ஒரு பிரதிக்குச் சமம். வருடத்துக்கு ஒருமுறை வன்வட்டைப் போட்டு, கோப்புகள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அச்சு நூல்களைத் தட்டில் வைக்கும்போது, தூயி பகுப்பில் (நூல்களைப் பொருள்வாரியாக இலக்கமிட்டு அடுக்கும் முறை) இலங்கை வரலாறு 954.93. ஆனால் உள்ளூர்ச் சேகரிப்பை அந்தத் தட்டில் கலக்காமல் தனி அடையாளம் போட்டு, இரவல் கொடுக்காத பகுதியாக வையுங்கள். இரவல் போன மலர் திரும்பி வராது.

8. எழுத்தாளரைத் தெரிவதும் அழைப்பதும்

இப்போதுதான் கூட்டம். கையில் சில பதிவுகளும் ஓரளவு படங்களும் இருக்கின்றன. அவற்றோடு பொருந்துகிற எழுத்தாளரை அழையுங்கள். பெயர் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. உங்கள் சேகரிப்பு குளத்தைப் பற்றியது என்றால் வயலைப் பற்றி எழுதியவர், கரையோரம் என்றால் கடலைப் பற்றி எழுதியவர். நாவலாசிரியரும் கவிஞரும்தான் எழுத்தாளர் என்றில்லை, ஊர் மலர் தொகுத்த ஆசிரியரை அழைத்தால் சில வேளைகளில் கேள்விகள் இன்னும் சூடாக வரும்.

அழைக்கமுன் புத்தகத்தை வாங்குங்கள். குறைந்தது சில பிரதிகளை நூலகத்துக்குச் சேர்த்து, வாசகர் வட்டத்தில் பத்துப் பேராவது வாசித்திருக்கவேண்டும். வாசிக்காத சபைக்கு முன்னால் எழுத்தாளர் வந்தால் "எழுதுவதற்கு உந்துதலாக இருந்தது என்ன?" என்ற கேள்வி மட்டும்தான் எழும்பும், அதற்கு அவர் முன்பு பல இடங்களில் சொன்ன பதிலைச் சொல்லிவிட்டுப் போவார்.

கடிதத்தில் நாள், நேரம், எவ்வளவு நேரம் பேசவேண்டும், எந்தப் பகுதியை வாசிக்கவேண்டும், போக்குவரத்துச் செலவு யார் தருவது, இரவு தங்கவேண்டுமா, ஒலிப்பதிவு செய்யலாமா, புத்தகம் விற்கலாமா என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். எழுத்தாளர்தானே, சேவை மனப்பான்மையோடு வருவார் என்று பஸ் காசுகூடக் கேட்காமல் விடுவது நம்மிடம் உள்ள பழக்கம். வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒருவர் உங்கள் ஊருக்கு வந்து திரும்ப ஒரு முழு நாள் போகும். அதைக் கணக்கில் எடுங்கள்.

பதிப்புரிமையையும் இங்கேயே பேசிவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் வாழும் காலமும் இறந்தபின் 70 ஆண்டுகளும் உரிமை உண்டு. அவர் வாசித்ததைப் பதிந்து வெளியிட, புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்க, இரண்டுக்கும் அவர் எழுத்தில் சம்மதிக்கவேண்டும்.

9. கூட்டத்து நாள்

இது நூல் வெளியீட்டு விழா அல்ல. வெளியீட்டு விழா என்றால் நமக்குத் தெரிந்த ஒழுங்கு உண்டு: மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை. இவ்வளவும் முடிந்து ஏற்புரைக்கு எழுத்தாளர் எழும்பும்போது சனம் கடைசி பஸ்ஸுக்கு எழும்பியிருக்கும். விளக்கும் அகவணக்கமும் இருக்கட்டும். வரவேற்பை நூலகர் ஐந்து நிமிடத்தில் முடிக்கட்டும். அதற்குப் பிறகு நேரே எழுத்தாளர்.

தவிசாளரையும் செயலாளரையும் என்ன செய்வது? அழையுங்கள், முன்வரிசையில் இருத்துங்கள், படக் கண்காட்சியை அவர்கள் கையால் திறக்கவையுங்கள். திறப்பவர் இரண்டு வார்த்தை சொல்லலாம், ஒலிவாங்கி மேசையில்தான் இருக்கும். மரியாதையும் குறையாது, நேரமும் போகாது.

எழுத்தாளர் இருபது நிமிடம் வாசிக்கட்டும், அதன் பின் புத்தகத்தை வாசித்த ஒருவர் அவரோடு கதைக்கட்டும். கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கினால் பெண்களும் பிள்ளைகளும் கேட்பார்கள், ஒலிவாங்கியைச் சபைக்குள் விட்டால் நாலு பேர் சொற்பொழிவு செய்வார்கள். கதிரைகளை வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போடுங்கள், முதியவர்களுக்கு முன்னால் கைபிடியுள்ள கதிரை. கூட்டம் பிற்பகல் மூன்றுக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியவேண்டும், ஏனென்றால் இருட்டினால் உள்ளூர்ப் பாதைகளில் யானைப் பயம் உள்ள ஊர்க்காரர் வரவே மாட்டார்கள். மின்சாரம் போனால் ஒலிபெருக்கி இல்லாமலும் கேட்கக்கூடிய அளவுக்கு மண்டபம் சின்னதாக இருந்தால் நல்லது.

சேகரிப்புக்கும் கூட்டத்துக்கும் உள்ள தொடுப்பு இரண்டு மேசைகளில் இருக்கிறது.

முதல் மேசையில், பெயர் தெரியாத படங்களின் பெரிய போட்டோப் பிரதிகள், பக்கத்தில் பென்சில்கள், மேலே "இவர்களைத் தெரியுமா?" என்று ஒரு தாள். சம்மதப் படிவத்தில் கண்காட்சிப் பெட்டியில் அடையாளம் போட்ட படங்கள் மட்டும். சனம் தேத்தண்ணியோடு அங்கேதான் நிற்கும், எழுத்தாளரைச் சுற்றி நிற்பதைவிட அங்கே கூட்டம் கூடினால் ஆச்சரியப்படவேண்டாம். எழுதுகிறவர் தன் பெயரையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரே முகத்துக்கு இரண்டு பெயர் வந்தால் அழிக்கவேண்டாம், இருவரையும் பிறகு பார்க்கப் போகவேண்டும்.

இரண்டாவது மேசையில் ஸ்கானர், பற்றுச்சீட்டுப் புத்தகம், சம்மதப் படிவம், இரண்டு பேர். "வீட்டில் பழைய படம், மலர், கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள், அங்கேயே பிரதியெடுத்துத் திருப்பித் தருவோம்" என்று அழைப்பிதழிலேயே போட்டிருக்கவேண்டும். கோயில் ஒலிபெருக்கியில் ஒருமுறை அறிவித்தால் முகநூலைவிட நன்றாகப் போய்ச்சேரும். ஒருவர் ஸ்கான் செய்ய, மற்றவர் கதையைக் கேட்டு எழுதுவார். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் வரிசை நீளும், ஆட்கள் "பிறகு வாறன்" என்று போய்விடுவார்கள்.

புத்தக விற்பனைக் காசை நூலகர் தொடவேண்டாம். எழுத்தாளரின் ஆளோ வாசகர் வட்டப் பொருளாளரோ பார்க்கட்டும், சபை ஊழியர் கையில் கணக்கில்லாத காசு இருந்தால் பின்னால் கேள்வி வரும். உறையில் அன்பளிப்பு வைத்துப் புத்தகம் வாங்கும் வழக்கம் வெளியீட்டு விழாக்களில் உண்டு. இங்கே விலையை எழுதி ஒட்டுங்கள், காசில்லாத பெடியன் உறையைப் பார்த்து ஒதுங்கிப் போவான்.

10. முடிந்த பிறகு

அடுத்த ஒரு கிழமைக்குள் மூன்று வேலை. பென்சிலில் வந்த பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றுங்கள், சொன்னவர் பெயரோடு. படம் தந்த ஒவ்வொருவருக்கும் நல்ல கடதாசியில் ஒரு பிரதி அச்சிட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். இடப்பெயர்வில் படம் இழந்த சொந்தக்காரருக்கும் ஒன்று வேண்டும் என்பார்கள், கொடுங்கள், அந்த வீட்டிலிருந்து அடுத்த படம் வரும். எழுத்தாளருக்கு நன்றிக் கடிதத்தோடு ஒலிப்பதிவின் பிரதியையும் அனுப்புங்கள்.

ஒலிப்பதிவுகளைச் சொல்லுக்குச் சொல் எழுதுவது பெரிய வேலை, ஆளில்லாவிட்டால் விடுங்கள். அதற்குப் பதிலாக எத்தனையாவது நிமிடத்தில் எதைப் பற்றிக் கதை வருகிறது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதினால் தேடுகிறவருக்குப் போதும். எழுதும்போது பேச்சை இலக்கணத் தமிழாக மாற்றவேண்டாம், "எங்கால்" என்றால் "எங்கால்" தான்.

சபைக்கு ஒரு பக்க அறிக்கை கொடுங்கள்: என்ன வந்தது, எத்தனை பொருள் பதிவானது, எவ்வளவு செலவு. சபையின் வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறிவிடும், ஆகவே வன்வட்டு, உறைகள், எழுத்தாளர் போக்குவரத்து என்று தனித்தனி வரியாக எழுதிய கோரிக்கை ஆவணி, புரட்டாதிக்குள் செயலாளரின் மேசைக்குப் போயிருக்கவேண்டும். மொத்தமாக "நூலக நிகழ்வுகள்" என்று ஒரு தொகை கேட்டால் அது பனருக்கும் சிற்றுண்டிக்கும் போய்விடும்.